சைனம்புவின் கொல்லையில் பரங்கிக் கொடி

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சைனம்பு தன் புருஷனோடு ஒரே கூரையடியில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் முழுசாக இரண்டு வருஷம் தேறாது. உஸ்மான் கனி ரங்கூனில் ஒரு குடைக்கடையில் வேலை பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி வருவார். பூந்தமல்லியில் நான்கு மாதம் விருந்தாளி போல இருந்து, தெருவில் எல்லாருக்கும் வாசனை சோப்பு கொடுத்துவிட்டு, மறுபடியும் கப்பலேறிவிடுவார். குழந்தை பிறந்து தங்கவில்லை. ஆகவே வீடு என்றால் அது சைனம்பு ஒருத்தியின் வீடுதான். ஓடு மாற்றியது அவள். கிணறு தூர் வார ஆள் பிடித்தது அவள். கொல்லை வேலி சரிந்தால் முள் வெட்டிக் கட்டியதும் அவள்தான். பதினோரு கோழி வளர்த்தாள். பஜாரில் இருந்த ரொட்டிக் கிடங்குக்காரர் அவள் வீட்டு முட்டையைத் தவிர வேறு முட்டை வாங்க மாட்டார்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு ஐந்து மாதம் கடுதாசி இல்லை. வைகாசி மாதத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு தந்தி வந்தது. அவளுடைய தம்பி ஷவுகத் அலி சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போய் மச்சானை அழைத்து வந்தான். மலையும் காடுமாக வாரக்கணக்கில் நடந்து, அஸ்ஸாம் வழியாக வந்து சேர்ந்த மனுஷன். கன்னம் ஒட்டி, கால் விரல்களில் நகம் இல்லாமல் இருந்தார். சைனம்பு அன்றைக்கு அழுதாள். அதற்கப்புறம் அழ நேரமில்லை. இரண்டு மாதம் கஞ்சியும் ரசமும் முட்டையுமாகக் கொடுத்து ஆளைத் தேற்றினாள்.

ஆள் தேறிய பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

ஷவுகத் அலிக்குப் பஜாரில் இரும்புச் சாமான் கடை. கடைக்கு வந்து உட்காருங்கள் மச்சான் என்று நாலு தடவை கூப்பிட்டான். பார்க்கலாம் என்று நாலு தடவையும் பதில் வந்தது. உஸ்மான் கனி வாசலுக்கே போகவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தார். அவள் தண்ணீர் சேந்தினால், கயிற்றை எப்படிப் பிடித்தால் கை நோகாது என்று சொன்னார். விறகு அடுக்கினால், காற்று போக இடம் விடவில்லை என்றார். முருங்கைக்கீரை உருவும்போது பக்கத்தில் நின்று, காம்பைக் கிள்ளாமல் உருவும் விதத்தை விளக்கினார். பதினாலு வருஷமாக அந்த மரத்தில் கீரை உருவுகிறவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு வடிவுடையது. பரம்பரையாகப் பயிர் வைக்கிற குடும்பம். ஆடி பிறந்த வாரம் அவள் பாதிப் பரங்கிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். சைனம்பு அதைச் சீவி, உள்ளே இருந்த நாரையும் விதையையும் கோழிக்குப் போட்டாள். கோழிகள் ஓடிவருவதற்குள் உஸ்மான் கனி குனிந்து அத்தனை விதையையும் பொறுக்கிவிட்டார். கிணற்றடியில் வைத்துக் கழுவினார். சாம்பலில் புரட்டினார். அவளுடைய முறத்தை எடுத்து அதில் பரப்பி வெயிலில் வைத்தார். மூன்று நாள் அவள் அரிசி புடைக்க முறம் இல்லை.

அவர் பிறந்த குடும்பத்தில் ஒருவரும் மண்ணைக் கொத்தியதில்லை. அப்பா பாய் முடைந்து விற்றவர். இவரோ குடையைத் தவிர வேறெதையும் விரிய வைத்தவர் இல்லை. இருந்தும், கொல்லை முழுவதும் கடப்பாறையால் இருபது குழி போட்டார். துணி துவைக்கும் கல்லுக்குப் போகிற வழியில் மூன்று குழி. கோழிக் கூண்டுக்கு முன்னால் இரண்டு. ஒவ்வொரு குழியிலும் ஆறு விதை.

எல்லாம் முளைத்துவிட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை.

வடிவு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, குழிக்கு ரெண்டு கன்றை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கிவிடச் சொன்னாள். நெருக்கமாக இருந்தால் கொடி ஓடும், காய் பிடிக்காது என்றாள். உஸ்மான் கனி தலையாட்டினார். ஒன்றையும் பிடுங்கவில்லை. சைனம்பு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே பிடுங்குவதற்குக் குனிந்தபோது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வோணாம். நல்லா கீற செடிய எப்படிப் புடுங்கி எறியறது?”

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்காகப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்தது கோழிகளின் கதி. பதினோரு கோழியும் ஈரமண்ணைக் கண்டால் விடுமா? ஒரே காலையில் நாலு குழியைக் கிளறிவிட்டன. அன்றைக்கே உஸ்மான் கனி மூங்கில் கூடைகள் வாங்கிவந்து கோழிகள் மேல் கவிழ்த்து மூடினார். பகல் பூராவும் கூடைக்குள். சாயங்காலம் ஒரு மணி நேரம், அவர் கையில் குச்சியோடு காவல் நிற்க, வெளியே. பத்து நாளில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ரொட்டிக் கிடங்குக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். கோழிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள் சைனம்பு. புருஷன் பரங்கிக்காய் போட்டிருக்கிறார், அதனால் முட்டை இல்லை என்று எப்படிச் சொல்வது?

வாசலுக்கே போகாதவர் இப்போது போக ஆரம்பித்தார். எதற்கென்றால் எருவுக்கு. குமணன்சாவடியில் ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் குதிரைச் சாணம் சும்மா கிடக்கிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டார். தினமும் காலையில் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஜார் வழியாகவே நடந்து வந்தார். ஷவுகத் அலியின் கடையில் சாமான் வாங்க நிற்கிற பெரிய மனிதர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் நின்று அவர்களுக்கு சலாம் சொல்லி, சாணத்தின் குணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். தம்பி அக்காவிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்சம் சுற்று வழியாக வரச் சொல்லக்கூடாதா என்று கேட்டான். சொன்னேன், சுற்று வழி தூரம் என்கிறார் என்றாள் அவள்.

ஆவணியில் கொடி கொல்லையைப் பிடித்துக்கொண்டது. கிணற்றுக்குப் போக வழியில்லை. சொரசொரவென்ற இலையும் தண்டும் காலைக் கீறின. துணி காயப் போடுகிற கயிற்றில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. ஒரு கொடி முருங்கை மரத்தில் ஏறி, அங்கிருந்து ஓட்டுக் கூரைக்குத் தாவியது. குளிக்கிற தட்டிக்குள் ஒரு கொடி நுழைந்தபோது சைனம்பு அதை வெளியே தள்ளினாள். மறுநாள் அது மறுபடியும் உள்ளே இருந்தது. அவர்தான் எடுத்து விட்டிருந்தார். அந்தப் பக்கம் ஈரம் அதிகம், கொடிக்கு நல்லது என்றார்.

இதற்கிடையில் சிவப்பு வண்டுகள் வந்து இலையைச் சல்லடையாக்கின. உஸ்மான் கனி பச்சை வேப்பிலையைக் கொளுத்திப் புகை போட ஆரம்பித்தார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வீடெல்லாம் புகை. சைனம்புவின் துப்பட்டியிலிருந்து தலையணை வரை வேப்பம்புகை நாறியது. வண்டு குறைந்தது. கொடியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூவாகப் பூத்தது. அவர் ஆளே மாறிப்போனார். பூவை எண்ணினார். காலையில் எண்ணியதை அவளிடம் வந்து சொன்னார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

பிறகு பிஞ்சு வந்தது. கோலிக்குண்டு அளவில், பூவுக்கு அடியில். அன்றிலிருந்து புதுச் சட்டம். பிஞ்சை ஒருவரும் விரல் நீட்டிக் காட்டக்கூடாது. காட்டினால் அழுகிவிடும் என்று ஜட்காக்காரர் ஒருவர் சொன்னாராம். எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கையை மூடிக்கொண்டு, முஷ்டியால் காட்ட வேண்டும். வடிவு கொல்லைப் பக்கம் வந்தால் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கேட்டு வந்த எதிர் வீட்டு அம்மாளிடம், ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்துவிட்டு வாடகைக்கு வந்திருந்த அந்தப் பாவப்பட்டவளிடம், கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். சைனம்புவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாலே நாளில் பிஞ்செல்லாம் மஞ்சளடித்து, வெம்பி, தொட்டால் உதிர்ந்தன. அடுத்து வந்தவையும் அப்படியே. அதற்கடுத்தவையும்.

அவர் கொல்லையில் குந்தி உட்கார்ந்து, உதிர்ந்த பிஞ்சுகளை ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்திருந்தார். அவள் தண்ணீர் சேந்த வந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“நேத்து கூரை மேல கீற பிஞ்ச வடிவுக்கு வெரல நீட்டிக் காட்டினியா?”

சைனம்பு குடத்தைக் கீழே வைத்தாள்.

“ஆமா, காட்டினேன். இன்னா இப்போ? என் ஊட்டுக் கூரைய நான் காட்டக் கூடாதா? பதினாறு வருசம் இந்த ஊட்ட ஒண்டியா கட்டிக் காத்தவ நான். எங்கோழிங்க கூடையில செத்துகினு கீது. எந்துணி காயப் போட எடமில்ல. கெணத்துக்கு வந்தா கால் கீறுது. பஜார்ல எந்தம்பி தலை நிமிர முடியல. எதுக்குங்க இதெல்லாம்? ஒரு பரங்கிக்காய்க்கா?”

அவளுக்கு இன்னும் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பட்டினியோடு நடந்து வந்தவர்களுக்கு மனசில் ஏதாவது தைத்துப் போயிருக்கும், நீ கோபப்படாதே, கேட்டுப் பார் என்று வடிவு சொல்லியிருந்தாள். வழியில் எங்கேயோ யாரோ ஒரு துண்டு பரங்கிக்காய் கொடுத்து உயிரைக் காப்பாற்றியிருப்பார்கள் என்று சைனம்புவும் தானாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தாள். குரலை இறக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நடந்து வந்தபோது ஏதாவது நடந்ததா, அதனால்தானா இது?

உஸ்மான் கனி கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

“இல்லியே. அன்னிக்கு வெதை கெடச்சுது. அதான்.”

அவ்வளவுதான். அவளுக்குக் குடத்தைக் கிணற்றிலேயே போட்டுவிடலாமா என்று இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் வடிவு அவளை வேலியோரம் கூப்பிட்டாள். உதிர்ந்த பிஞ்சு ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, விரல் காட்டுவதும் இல்லை, கண் படுவதும் இல்லை என்றாள். பரங்கியில் இரண்டு ஜாதிப் பூ. நீளக் காம்போடு நிற்பது ஆண் பூ. அடியில் பிஞ்சோடு வருவது பெண் பூ. தேனீயும் தும்பியும் இதிலிருந்து அதற்குப் போனால்தான் காய் பிடிக்கும். காலையில் பூ விரிந்திருக்கிற நேரத்தில் பாய் புகை போட்டு எல்லாவற்றையும் விரட்டிவிட்டால் எங்கிருந்து காய்க்கும்? சைனம்பு அன்று சாயங்காலமே இதைப் புருஷனிடம் சொன்னாள். புகையை நிறுத்தினால் வண்டு இலையைத் தின்றுவிடும், அப்புறம் பூவே வராது என்றார். சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை.

அந்த வாரம் நோன்பு பிறந்தது. விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டு உஸ்மான் கனி பள்ளிவாசலுக்குப் போனால், சுபுஹு தொழுது, குர்ஆன் ஓதிவிட்டு, வெயில் ஏறித்தான் திரும்புவார். புகை அதற்கப்புறம்தான். நோன்பின் இரண்டாம் நாள் விடிகாலையில் சைனம்பு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, நடுவில் இருந்த மஞ்சள் பொடியைப் பெண் பூவுக்குள் தடவினாள். வடிவு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இன்னும் கொஞ்சம், சுற்றிலும் படட்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். காய்த்துத் தொலையட்டும் என்றுதான் சைனம்பு அதைச் செய்தாள். காய்த்தால் கொடி காயும். கொடி காய்ந்தால் கோழி வெளியே வரும். அவள் கணக்கு அவ்வளவே.

இருபது நாள் ஒரு நாள் தவறாமல் தடவினாள். காலில் கீறல், விரலில் மஞ்சள், கண்ணில் தூக்கம். முருங்கை மரத்தடியில் ஏணி போட்டு, கூரை மேல் இருந்த பூவுக்கும் தடவினாள்.

பிஞ்சுகள் இந்தத் தடவை மஞ்சளடிக்கவில்லை. பச்சையாகவே பருத்தன. எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு, பிறகு சின்னக் குடம் அளவு. உஸ்மான் கனிக்குத் தரையில் கால் பாவவில்லை. எல்லாம் குதிரைச் சாணத்தின் மகிமை என்றார். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து உட்காருகிறவர்களிடம் புகை போடும் முறையை விளக்கினார். கரையான்சாவடியிலிருந்து இரண்டு பேர் கொடியைப் பார்க்க வந்தார்கள். நோன்பு திறக்கிற நேரம் வரை அவர்களுக்கு எருவைப் பற்றிப் பாடம் நடந்தது. வந்தவர்கள் முஷ்டியை மூடிக்கொண்டு பயபக்தியோடு சுற்றிப் பார்த்தார்கள். கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த சைனம்பு அகப்பையைப் பாத்திரத்தின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

பெருநாளுக்கு ஒரு காய் வெட்டலாம் என்று கேட்டாள். காம்பு காயட்டும் என்றார். பெருநாள் போய்ப் பத்து நாள் கழித்துக் கேட்டாள். இன்னும் காம்பு காயவில்லை. அரிசி கிடைப்பதே திண்டாட்டமாக இருந்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், கடையில் கிடைத்த அரிசியில் பாதி கல். கொல்லையில் பத்தொன்பது பரங்கிக்காய் உட்கார்ந்திருக்க, அவள் வடிவு வீட்டில் கத்தரிக்காய் கடன் வாங்கிச் சமைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை மேல் இருந்த மூன்று காய்களும் ஊறி, கனத்து, ஓடுகளை அழுத்தின. ஒரு மத்தியானம் படாரென்று ஒரு சத்தம். அவளுடைய துணிப்பெட்டிக்கு நேர் மேலே இரண்டு ஓடு உடைந்து, தண்ணீர் கொட்டியது. பெட்டியை இழுத்துப் போட்டுவிட்டு, அண்டாவை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். கொல்லைக்கு வந்து பார்த்தாள்.

உஸ்மான் கனி ஏணி மேல் நின்றிருந்தார். முன்பு ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அவளுக்கென்று கொண்டுவந்த பட்டுக் குடையை விரித்து, அதை முருங்கைக் கிளையில் வாகாகக் கட்டிக்கொண்டிருந்தார். உடைந்த ஓட்டின் மேல் இருந்த பரங்கிக்காய் நனையாமல் இருப்பதற்காக. அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

சைனம்புவுக்கு என்ன வந்ததென்று அவளுக்கே தெரியாது. அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையைப் பார்த்தாள், அது வேண்டாமென்று விறகு வெட்டுகிற கத்தியை எடுத்தாள். அவரை இறங்கச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். மழையிலேயே ஏறி, குடையைக் கழற்றிக் கீழே போட்டு, மூன்று காயையும் காம்போடு வெட்டினாள். ஒவ்வொன்றாக அவர் கையில் இறக்கினாள். இறக்கிக்கொண்டே, இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள்.

“உங்க சாணத்தாலயும் காய்க்கல, உங்க பொகையாலயும் காய்க்கல. நோன்பு பூரா நீங்க ஓதிகினு இருந்தப்போ நாந்தான் ஒவ்வொரு பூவா பூந்து தடவினேன். வடிவக் கேளுங்க.”

மூன்றாவது காய் பெரியது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு உஸ்மான் கனி மழையில் நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அல்லது முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தாள். அவர் காயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எந்தப் பூவ எதுல தடவினே?”

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கொடியில் கடைசியாகச் சில பூக்கள் இருந்தன. அவர் பள்ளியிலிருந்து சீக்கிரமே திரும்பி, கொல்லையில் காத்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நீளக் காம்புப் பூவைக் கிள்ளினாள், இதழை உரித்தாள், தடவிக் காட்டினாள். அவர் கை கட்டி நின்று பார்த்தார். மெதுவாக அடுத்த பூவைத் தானே செய்தார். மூன்றாவது பூவுக்கு வரும்போது, அவள் இதழை உரிக்கிற விதம் சரியில்லை, பாதிப் பொடி கீழே கொட்டிவிடுகிறது என்று சொன்னார். சைனம்பு பூவை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஆனால் அன்றைக்குப் புகை போடவில்லை.

காய்கள் சுமாராகத்தான் இருந்தன. மழைத் தண்ணீர் குடித்துச் சப்பென்று இருந்தது. பருப்போடு வேக வைத்தாள், ஆட்டெலும்போடு போட்டாள், வெல்லம் சேர்த்துக் கிளறினாள். எதிலும் ருசி ஏறவில்லை. உஸ்மான் கனி இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, இந்த மாதிரி காய் ரங்கூனிலும் கிடைக்காது என்றார். வெளியிலிருந்து எட்டு நாள் ஒரு காயும் வாங்காமல் இரண்டு பேர் சாப்பிட்டது மட்டும் நிஜம். ஒன்பதாம் நாள் அவள் கொல்லைக்குப் போனபோது இரண்டே காய்தான் மிச்சம் இருந்தது. மற்றதையெல்லாம் பட்டணத்திலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டாராம். வீட்டுக்கு ஒன்று, முழுசாக. அவளைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று அவள் கேட்டபோது, நீதான் காய் சப்பென்று இருக்கிறது என்றாயே என்றார்.

மார்கழியில் கொடி காய்ந்தது. சைனம்பு வடிவையும் கூட்டிக்கொண்டு, ஒரே நாளில் அத்தனையையும் இழுத்துப் போட்டுக் கொளுத்தினாள். கூடைகளைத் தூக்கினாள். கோழிகள் முதலில் நம்பாமல் நின்ற இடத்திலேயே நின்றன. அப்புறம் ஒன்று காலை எடுத்து வைத்தது, மற்றவையும் ஓடின. பொங்கலுக்குள் ரொட்டிக் கிடங்குக்கு மறுபடியும் முட்டை போக ஆரம்பித்தது.

வெறும் கொல்லையை இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்த உஸ்மான் கனி, மூன்றாம் நாள் சட்டை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஷவுகத் அலியின் கடைக்குப் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் போனார். சைனம்புவுக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து வீடு தன் வீடாகத் திரும்பக் கிடைத்தது. யாரும் பார்க்காமல் விறகு அடுக்கினாள், காற்று போக இடம் விடாமல்.

ஒரு மாதம் கழிந்து தம்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெருமூச்சு. ஆணி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் மச்சான் ஒரு காகிதப் பொட்டலத்தில் பரங்கி விதை மடித்துக் கொடுக்கிறாராம். கொடுத்தால் பரவாயில்லை, எந்தப் பூவை எந்தப் பூவில் தடவுவது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் சாமானையே எடுக்கிறாராம். பின்னால் நிற்கிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போதாக்குறைக்கு, கடைக்குப் பின்னால் இருக்கிற நாலடி இடத்தில் நேற்று கடப்பாறையோடு நின்றுகொண்டிருந்தாராம்.

“நீ கொஞ்சம் சொல்லக்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு.”

சைனம்பு அவனுக்கு முட்டை வறுத்துத் தட்டில் வைத்தாள்.

“உன் கடை, உன் மச்சான். நீயே பாத்துக்க” என்றாள்.